'கிளாசிக்குஸ்': ஓர் இலத்தீன் பெயரடையின் வடிவமும் வர்க்கமும்

1

இலக்கிய ஆராய்ச்சியிலே நாம் அன்றாடம் கையாளும் கலைச்சொற்களுட் சில, தாம் பிறந்த சமுதாயத்தின் அமைப்பைத் தம்முள்ளே பொதிந்து வைத்திருப்பன. அவற்றை எடுத்தாள்வோர் அவ்வமைப்பை அறிந்திருப்பது அரிது. ஆங்கிலத்தில் 'கிளாசிக்', 'கிளாசிக்கல்' எனவும், அவற்றின் ஈடாகத் தமிழிற் 'செவ்வியல்', 'செந்நெறி' எனவும் வழங்கும் சொற்களின் மூலமாக அமைந்த 'கிளாசிக்குஸ்' என்னும் இலத்தீன் பெயரடை இத்தகையது. காலத்தை வென்று நிற்பது, குறையற்றது, யாவர்க்கும் முன்மாதிரியாவது என்றெல்லாம் இன்று பொருள் கொள்ளப்படும் இச்சொல், அதன் பிறப்பிடமான உரோமிலே சொத்துவரம்பு ஒன்றைக் குறித்த சொல்லாகும்.

சொல் ஒன்றின் தோற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பொருளை முழுவதும் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவது பிழை. சொற்கள் தம் வேரினுள் சிறைப்பட்டிருப்பன அல்ல. ஆயினும், ஒரு சொல் எவ்வெவ் விலக்கண வடிவங்களில், எவ்வெச் சூழல்களில், எவருடைய வாயில் வழங்கியது என்பதைப் படிப்படியாக நோக்குமிடத்து, அச்சொல்லைத் தேவைப்படுத்திய சமூக உறவுகள் புலனாகின்றன. இக்கட்டுரை 'கிளாசிக்குஸ்' என்னும் பெயரடையின் தோற்றத்தையும் இலக்கண வடிவங்களையும் முதலிற் கூறி, அதற்கு எதிர்ச்சொல்லாக நின்ற 'புரோலெத்தாரியுஸ்' என்பதோடு இணைத்து, அது இலக்கிய மதிப்பீட்டுச் சொல்லாக மாறிய வரலாற்றை ஆராய முயல்கிறது.

2

'கிளாசிக்குஸ்' என்பது 'கிளாசிஸ்' என்னும் பெண்பாற் பெயர்ச்சொல்லின் அடியாகப் பிறந்தது. பெயர்ச்சொல்லோடு '-இக்குஸ்' என்னும் விகுதியைச் சேர்த்து, 'அதனைச் சார்ந்த', 'அதற்குரிய' என்னும் பொருளில் பெயரடை ஆக்குவது இலத்தீனின் பழைய வழக்கு. போர் எனப் பொருள்படும் 'பெல்லும்' என்பதிலிருந்து 'பெல்லிக்குஸ்' பிறந்தது. குடிமகன் எனப் பொருள்படும் 'கீவிஸ்' என்பதிலிருந்து 'கீவிக்குஸ்' பிறந்தது. அவ்வாறே 'கிளாசிஸ்' என்பதைச் சார்ந்தது 'கிளாசிக்குஸ்' ஆயிற்று.

தமிழிலே 'நல்ல', 'பெரிய' முதலிய பெயரடைகள் தாம் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பத் திரிவதில்லை. இலத்தீனில் அவை மூன்றுக்கும் ஏற்பத் திரியும். எழுவாய் வேற்றுமை ஒருமையில் ஆண்பாலுக்குக் 'கிளாசிக்குஸ்', பெண்பாலுக்குக் 'கிளாசிக்கா', நடுப்பாலுக்குக் 'கிளாசிக்கும்' என அது மூவடிவு கொள்ளும். பன்மையில் முறையே 'கிளாசிக்கீ', 'கிளாசிக்காய்', 'கிளாசிக்கா' என வரும். உடைமைப் பொருளில் ஆண்பாலிலும் நடுப்பாலிலும் ஒருமை 'கிளாசிக்கீ' எனவும், பன்மை 'கிளாசிக்கோரும்' எனவும் அமையும். இலத்தீன் இலக்கணகாரர் முதலாம், இரண்டாம் திரிபு வாய்பாடுகளைச் சார்ந்தவை எனக் கூறும் பெயரடைகளுள் இது ஒன்று. வடிவ நோக்கில் இதில் விதிவிலக்கு யாதுமில்லை.

எனினும் இரு செய்திகள் இங்கு மனங்கொளத்தக்கன. முதலாவது, இப்பெயரடையின் வடிவங்கள் பெயர் தழுவாது தனித்து நின்று பெயர்களாகவும் வழங்கின. ஆண்பாற் பன்மையான 'கிளாசிக்கீ' ஒருபுறம் முதல் வகுப்பைச் சேர்ந்த குடிமக்களையும், மறுபுறம் கடற்படையினரையும் குறித்தது. நடுப்பால் ஒருமையான 'கிளாசிக்கும்' போருக்கு அழைக்கும் கொம்பொலியைக் குறித்தது. மக்கள் அவைக்கு வகுப்புக்களை அழைக்கும் கொம்பூதியைக் 'கிளாசிக்குஸ்' என வழங்கியதாக கி. மு. முதலாம் நூற்றாண்டுப் பேரறிஞரான வார்ரோ தமது இலத்தீன் மொழி பற்றிய நூலிலே கூறுகிறார். கி. பி. 68இல் நீரோ மன்னன் கடற்படையினரிலிருந்து திரட்டிய படையணிக்கும் இப்பெயரடையே பெண்பால் வடிவிற் சேர்த்து வழங்கப்பட்டது.

இரண்டாவது, '-இக்குஸ்' விகுதி பெற்ற இத்தகைய சார்புப் பெயரடைகள் இயல்பாக ஒப்புத் தரம் ஏற்பதில்லை. 'பெரிய' என்பதற்கு 'மேலும் பெரிய', 'மிகப் பெரிய' என்னும் படிகள் உண்டு. ஒரு தொகுதியைச் சார்ந்திருத்தல் என்பதற்குப் படிகள் இல்லை. ஒருவன் அத்தொகுதியுள் இருக்கிறான், அன்றேல் அதற்குப் புறத்தே நிற்கிறான். இன்று ஒரு நூலை மற்றொன்றைவிடச் 'செவ்வியல் தன்மை மிக்கது' என நாம் கூறுதல் இயலும். மூலச்சொல் தரத்தின் ஏற்றத்தாழ்வைக் குறித்த சொல்லன்று. எல்லைக்கோடு ஒன்றைக் குறித்த சொல். இவ்விலக்கண உண்மையின் சமூக அடிப்படையை அடுத்துக் காண்போம்.

3

'கிளாசிஸ்' என்பதன் தோற்றத்தைக் 'கலாரே', அதாவது 'அழை', 'அறிவி' என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புபடுத்துதல் பெருவழக்கு. மாதத்தின் முதல் நாளை அறிவித்தமையாற் பெயர்பெற்ற 'கலெந்தே' என்பதும் அவ்வினையின் வழிவந்ததே. அழைப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றே உரோமர் வாயில் இவ்வாறு திரிந்தது எனக் கி. மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஹாலிக்கார்னாசஸ் நகரத்து தியோனீசியஸ் கருதினார். கிரேக்கத்திலிருந்து கடன்பெற்றதாகக் கொள்வது தேவையற்றது எனினும், அழைக்கப்பட்ட கூட்டம் என்பதே அடிப்படைக் கருத்தாதல் பொருந்துகிறது. அழைக்கப்பட்டது எது? படை. ஆகவே 'கிளாசிஸ்' முதலிற் படையையும், பின்னர் சிறப்பாகக் கடற்படையையும் குறித்தது.

படைக்கு அழைக்கப்படுதல் எல்லார்க்கும் உரியதன்று. பண்டைய நகர அரசுகளிற் போர்வீரன் தன் படைக்கலங்களைத் தானே வாங்குதல் வேண்டும். எனவே, சொத்துடையவனே வீரன். வீரனே முழுமையான குடிமகன். உரோமின் ஆறாவது மன்னனாகவும் கி. மு. ஆறாம் நூற்றாண்டினனாகவும் மரபு கூறும் சேர்வியஸ் துல்லியஸ், குடிமக்களைச் சொத்தின்படி கணக்கெடுத்து ஐந்து வகுப்புக்களாகப் பிரித்தான் என வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். 'ஆஸ்' எனப்பட்ட நாணயக் கணக்கில், முதல் வகுப்பின் வரம்பு 100,000, இரண்டாவது 75,000, மூன்றாவது 50,000, நான்காவது 25,000, ஐந்தாவது 11,000. முதல் வகுப்பினர் வெண்கலத் தலைச்சீராவும் மார்புக்கவசமும் முழங்காற் கவசமும் பூண்டனர். ஐந்தாம் வகுப்பினர் கவணும் கல்லும் கொண்டு நின்றனர். இத்தொகைகளும் ஐந்து வகுப்பு முறையும் அம்மன்னன் காலத்தனவல்ல, பிற்காலத்தில் அவன்மேல் ஏற்றப்பட்டன என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு.

இப்பிரிவு போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. வாக்களிக்கும் அவையும் இதே முறையில் அமைந்தது. வாக்கு ஆளுக்கொன்றன்று, நூற்றுவர் குழுவுக்கு ஒன்று. தியோனீசியஸ் கூறும் கணக்கின்படி குழுக்கள் மொத்தம் 193. அவற்றுள் குதிரைவீரர்க்கு 18. முதல் வகுப்பினர்க்கு 80. இவையிரண்டும் சேர்ந்தால் 98 ஆகும். பெரும்பான்மைக்கு வேண்டியதோ 97. செல்வர் தம்முள் ஒன்றுபட்டால் ஏனையோரை வாக்களிக்க அழைக்கவேண்டிய அவசியமே எழாது. சொத்தற்றோர் அனைவரும், அவர்தம் தொகை எத்துணைப் பெரிதாயினும், ஒரேயொரு குழுவினுள் அடைக்கப்பட்டனர். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் முதல் வகுப்பின் குழுக்கள் 70 ஆகக் குறைக்கப்பட்டபோதும், சொத்தின் தலைமை அகன்றுவிடவில்லை.

'கிளாசிக்குஸ்' என்னும் சொல்லுக்கு இவ்வமைப்பில் உரிய இடம் யாது? ஐந்து வகுப்பினரும் 'கிளாசிஸ்' உடையோராதலின் ஐவகையினரையும் அச்சொல்லாற் குறித்தல் கூடும் என நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் அவ்வாறன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினரான அவுலுஸ் கெல்லியஸ், 'அத்திக்க இரவுகள்' என்னும் தமது தொகுப்பு நூலின் ஆறாம் பகுதியிலே இதனை விளக்குகிறார். முதல் வகுப்பினர் மாத்திரமே 'கிளாசிக்கீ' எனப்பட்டனர்; அவர்க்குரிய சொத்துவரம்பு 125,000 ஆஸ். இரண்டாம் வகுப்பு முதலாக ஏனையோர் யாவரும் 'வகுப்புக்குக் கீழ்ப்பட்டோர்' என்னும் தொடராற் குறிக்கப்பட்டனர். மூத்த கேட்டோ, கி. மு. 169இல் நிறைவேறிய வொக்கோனியச் சட்டத்தை ஆதரித்து ஆற்றிய உரையின் தொடர்பில் கெல்லியஸ் இதனைக் கூறுகிறார். அச்சட்டம் முதல் வகுப்பினர் பெண்களைத் தம் வாரிசாக நியமிப்பதைத் தடைசெய்தது. எனவே, நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் இச்சொல்லின் இப்பொருளுக்கான பழைய சூழல் சொத்துரிமைச் சட்டமாகும்.

இவ்வழக்கிலிருந்து ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்துள்ளனர். ஆதியில் இருந்தது ஐந்து வகுப்பன்று, ஒரே வகுப்பு. கவசம் பூண்டு அணிவகுக்க வசதியுடையோர் அவ்வகுப்பினுள் இருந்தனர். மற்றையோர் அதற்குக் கீழே இருந்தனர். இப்பெயரடை ஒப்புத் தரம் ஏலாமைக்கு இதனினும் பொருத்தமான சமூக விளக்கம் வேண்டுவதில்லை.

எதிர்முனையில் நின்ற சொல் 'புரோலெத்தாரியுஸ்'. மகவு, வழித்தோன்றல் எனப் பொருள்படும் 'புரோலெஸ்' என்பதன் அடியாக '-ஆரியுஸ்' விகுதி பெற்றுப் பிறந்த பெயரடை அது. அரசுக்குப் பொருளை அளிக்க இயலாதவன். பிள்ளைகளை மாத்திரம் அளிப்பவன் என்பது அதன் கருத்தென சிசெரோ விளக்கினார். உரோமின் மிகப் பழைய எழுதப்பட்ட சட்டமான பன்னிரு பலகைகளிலே சொத்துடையவனைக் குறிக்கும் 'அசிதுவுஸ்' என்பதற்கு எதிராக இச்சொல் நிறுத்தப்பட்டது. சொத்துடையவனுக்குப் பிணைநிற்போன் சொத்துடையவனாதல் வேண்டும். புரோலெத்தாரிக்கு விரும்பிய எவனும் பிணைநிற்கலாம் என அச்சட்டம் விதித்தது. கெல்லியஸ் தரும் பிற்கால வரையறையின்படி, 1,500 ஆஸுக்கு மேற்படாத சொத்துடையோர் புரோலெத்தாரிகள். அவர்க்கும் கீழே, 375 ஆஸ் அல்லது அதனிலும் குறைவாக உடையோர் 'தலையால் எண்ணப்பட்டோர்' ஆவர்.

இங்கு தொகைகளின் வீழ்ச்சியை நோக்குதல் பயனுடையது. படைச்சேவைக்குரிய அடிமட்டச் சொத்துவரம்பாக லிவி கூறும் தொகை 11,000 ஆஸ். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தரும் தொகை 4,000 ஆஸுக்குச் சமமானது. சிசெரோவும் கெல்லியஸும் குறிப்பிடுவது 1,500. நிலமிழந்த விவசாயிகள் பெருகப் பெருக, படைக்கு ஆள் போதாமையால் வரம்பைத் தாழ்த்தவேண்டிய நெருக்கடி உரோமுக்கு ஏற்பட்டது என இத்தாலிய வரலாற்றறிஞர் எமிலியோ கப்பா விளக்கினார். இவ்விளக்கத்தை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும் கி. மு. 133இல் திபேரியஸ் கிராக்கஸ் கொணர்ந்த நிலச்சட்டமும், கி. மு. 107இல் மாரியஸ் சொத்துவரம்பு நோக்காது வறியோரைப் படையிற் சேர்த்ததும் இதே நெருக்கடியின் இரு முகங்கள் எனக் கூறுதல் தவறாகாது.

4

சொத்துக் கணக்கின் மொழி அறிவுலகக் கணக்குக்கு மாறியது எப்போது? முதலடிகளை முன்னரே காணலாம். கி. மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதிய நாடகாசிரியர் புளௌத்துஸ், தமது 'வீம்புக்காரப் போர்வீரன்' நாடகத்திலே, மலிவான பேச்சைப் புரோலெத்தாரியப் பேச்சு என ஒரு பாத்திரம் குறிப்பிடுமாறு அமைத்துள்ளார். சிசெரோ, தெமோக்கிரித்துஸோடு ஒப்பிடுமிடத்து ஏனைய சில தத்துவவாதிகள் ஐந்தாம் வகுப்பினராகவே தோன்றுகின்றனர் என எழுதினார். ஆனால் 'கிளாசிக்குஸ்' என்னும் பெயரடையே எழுத்தாளனுக்கு அடையாக வருமிடம், கெல்லியஸ் நூலின் பத்தொன்பதாம் பகுதியிலுள்ள ஓர் உரையாடலாகும். பண்டைய இலத்தீன் எழுத்துக்களுள் இப்பொருளில் இச்சொல் வருமிடம் இது ஒன்றே.

அச்சூழல் சுவையானது. மார்க்குஸ் அவுரேலியஸ் மன்னனின் ஆசிரியரும், கொன்சல் பதவி வகித்தவரும், ஆபிரிக்காவின் கீர்த்தா நகரத்தவருமான கொர்னேலியஸ் பிரொந்தோவின் இல்லத்திலே கற்றோர் கூடியிருக்கின்றனர். கவிஞர் ஒருவர், சூடான மணலைப் பயன்படுத்தியதால் தம் நீர்க்கோவை நோய் தீர்ந்ததெனக் கூறுகிறார். மணலைக் குறிக்க அவர் பன்மை வடிவத்தைக் கையாள்கிறார். நோயிலிருந்து நீங்கிய நீர் சொற்குற்றத்திலிருந்து நீங்கவில்லையே எனப் பிரொந்தோ நகையாடுகிறார். மணலைக் குறிக்கும் 'ஹரேனா' ஒருமையில் மாத்திரம் வழங்கவேண்டிய சொல் என யூலியஸ் சீசர் ஒப்புமை பற்றிய தமது இலக்கண நூலில் விதித்திருந்தார் என்பது அவரது ஆதாரம். நாற்குதிரைத் தேரைக் குறிக்கும் 'குவாத்ரிகே' எப்போதும் பன்மையே என்பதும் அங்கு ஆராயப்படுகிறது. விவாதத்தின் முடிவில் பிரொந்தோ கூறும் அறிவுரையின் சாரம் இது: ஓய்வு வாய்க்கும்போது தேடிப்பாருங்கள், தேரை ஒருமையிலோ மணலைப் பன்மையிலோ முற்காலத்து நாவலரோ கவிஞரோ எவரேனும் கூறியுள்ளனரா என ஆராயுங்கள், அவ்வாறு கூறியவர் முதல் வகுப்பினரும் சொத்துடையவருமான எழுத்தாளராக இருத்தல் வேண்டும், புரோலெத்தாரியாக இருத்தல் ஆகாது.

உலக இலக்கிய விமரிசனத்தின் தலைமைச் சொற்களுள் ஒன்று, ஒரு பெயர்ச்சொல்லின் ஒருமை பன்மை பற்றிய தருக்கத்தின் இடையே பிறந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். இங்கே 'கிளாசிக்குஸ்' என்பதற்கு அழகியற் சிறப்பு என்னும் பொருளில்லை. வழக்குமன்றத்திலே எவருடைய சாட்சியம் ஏற்கப்படும் என்பது போன்ற வினாவே எழுப்பப்படுகிறது. சொத்துடையவனுக்குச் சொத்துடையவனே பிணைநிற்க வேண்டும் என்ற பழஞ்சட்டத்தின் எதிரொலியை இதிற் கேட்கலாம். சொல்லொன்றின் செம்மைக்குப் பிணைநிற்க முதல் வகுப்பு எழுத்தாளன் வேண்டும்.

மற்றொன்றும் குறிப்பிடற்பாலது. பிரொந்தோ இவ்வாறு பேசிய காலத்தில் ஐந்து வகுப்பு முறை நடைமுறையில் இறந்துவிட்டது. வாக்கு அவைகள் அதிகாரமிழந்தன. 'புரோலெத்தாரியுஸ்' என்னும் சொல்லின் பொருளை வினவியபோது சட்ட அறிஞர் ஒருவரே அதனை விளக்க முன்வரவில்லை எனக் கெல்லியஸ் பிறிதோரிடத்தில் எழுதுகிறார். அதனால் வர்க்கம் மறைந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. அதே நூற்றாண்டில், 'மதிப்புடையோர்', 'தாழ்ந்தோர்' என்னும் புதிய பிரிவு உரோமச் சட்டத்தில் உறுதிபெற்றது. ஒரே குற்றத்திற்கு முன்னவர்க்கு ஒரு தண்டனையும் பின்னவர்க்கு அதனினும் கொடிய தண்டனையும் விதிக்கப்பட்டன. சட்டத்திற் பயனிழந்த பழைய வகுப்புப் பெயர்கள் இலக்கியத்திலே உருவகமாகப் புத்துயிர் பெற்றன. பழமை போற்றும் இயக்கத்தின் தலைவரான பிரொந்தோவுக்கு அப்பழஞ்சொற்களே உவப்பாயின.

5

இவ்வுருவகம் உடனே பரவியதெனக் கூறமுடியாது. கெல்லியஸின் நூல் 1469இல் உரோமில் அச்சேறிய பின்னரே அதன் சொற்கள் ஐரோப்பியக் கற்றோர் கைக்குப் பரவலாகக் கிடைத்தன. அதன்பின் சில பதிற்றாண்டுகளில் மனிதநேயவாதிகள் இப்பெயரடையைத் தகுதிவாய்ந்த பண்டைய ஆசிரியர்களுக்கு வழங்கத் தொடங்கினர். இதற்குத் துணைசெய்த பிறிதொரு பொருளும் உண்டு. மாணாக்கரைத் திறமைக்கேற்பப் பிரித்த பிரிவையும் 'கிளாசிஸ்' எனக் கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே குவிந்திலியன் கூறியிருந்தார். ஆகவே 'கிளாசிக்குஸ்' என்பது முதல்தரமானது எனவும், வகுப்பறையிற் கற்பிக்கப்படுவது எனவும் இருபொருள் பட்டது. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. முதல்தரமானது கற்பிக்கப்பட்டது, கற்பிக்கப்பட்டமையால் முதல்தரமாயிற்று.

நாட்டுமொழி எழுத்தாளர்க்கு இவ்வடை வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்க திருப்பமாகும். 1548இல் தோமா செபிய்யே, தமது பிரெஞ்சுக் கவிதையியல் நூலில், பழைய பிரெஞ்சுக் கவிஞர் சிலரை இச்சொல்லாற் சிறப்பித்தார். தேசிய அரசுகளும் அவற்றின் மொழிகளும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. இலத்தீனுக்கு ஈடாகத் தம் மொழியும் முதல் வகுப்பைச் சேர்ந்தது என நிறுவ முனைந்தோர்க்கு இப்பெயரடை கருவியாயிற்று. 1795இல் 'இலக்கியச் சான்கியுலொத்தியம்' என்னும் கட்டுரையிலே கோதே இப்பிரச்சினையை ஆழமாக அணுகினார். செவ்வியல் தேசிய எழுத்தாளன் தனித்திறமையால் மாத்திரம் தோன்றுவதில்லை. அவனுடைய தேசத்தின் வரலாற்றில் மாபெரும் நிகழ்ச்சிகள் ஒன்றுபட்டு விளைந்திருத்தல் வேண்டும் என்றார். அவ்வாறு கூறியவரே, அத்தகைய படைப்புக்கள் தோன்ற வழிசெய்யக்கூடிய கொந்தளிப்புக்களைத் தாம் யேர்மனிக்கு விரும்பவில்லை எனவும் கூறினார். இலக்கியத்தின் சமூக நிபந்தனைகளைக் கண்டுணர்ந்தும் அந்நிபந்தனைகளுக்கு அஞ்சிய ஒரு மனநிலையை இங்கு காண்கிறோம்.

சமூகப் பிரிவைக் குறிக்கும் 'கிளாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நவீனப் பொருள், கைத்தொழிற் புரட்சியை ஒட்டி, ஏறத்தாழ 1770க்கும் 1840க்கும் இடையே உருப்பெற்றது என ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளிவந்த தமது சொல்லாய்வு நூலிற் காட்டினார். அதே காலத்தில் 'புரோலெத்தாரி' என்பதும் புதுப்பொருள் பெற்றது. உரோமப் புரோலெத்தாரிவர்க்கம் சமுதாயத்தின் செலவில் வாழ்ந்தது. நவீன சமுதாயமோ புரோலெத்தாரிவர்க்கத்தின் செலவில் வாழ்கிறது என சிஸ்மொந்தி கூறிய வேறுபாட்டை மார்க்ஸ் 1869இல், 'லூயி பொனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்' நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் நினைவூட்டினார். ஒரே சொல் வழங்குவதால் இரு காலங்களையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது அவ்வெச்சரிக்கையின் பொருள்.

இன்னொரு முரண் நம் கவனத்துக்குரியது. பெற்றி முதல் ரிக்கார்டோ வரையான பொருளியலறிஞரின் கோட்பாட்டைச் செவ்வியல் அரசியற் பொருளாதாரம் எனப் பெயரிட்டு, அதற்கு எதிராகக் 'கொச்சைப்' பொருளாதாரத்தை நிறுத்தியவர் மார்க்ஸே ஆவார். 'கிளாசிக்குஸ்' ஒருபுறமும் சாமானியத்திரளைச் சார்ந்தது எனப் பொருள்படும் 'வுல்காரிஸ்' மறுபுறமுமாக உரோம மேட்டிமையின் பழைய எதிர்நிலை இங்கு மீண்டும் தோன்றுகிறது. ஆனால் அளவுகோல் மாறிவிட்டது. உற்பத்தி உறவுகளின் உள்ளிணைப்பைத் துருவியது எதுவோ அது செவ்வியல். மேற்றோற்றத்தோடு நின்று முதலாளியின் அன்றாட எண்ணங்களை ஒழுங்குபடுத்தியது எதுவோ அது கொச்சை. சொத்தின் அளவு அகன்று உண்மையின் அளவு வந்தமை இச்சொல்லின் வரலாற்றில் ஒரு முக்கியமான மாற்றம் எனலாம்.

யேர்மன் அறிஞர் ஏர்ன்ஸ்ற் றொபேட் கூர்த்தியுஸ், 1948இல் வெளியிட்ட ஐரோப்பிய இலக்கியமும் இலத்தீன் இடைக்காலமும் பற்றிய பெருநூலிலே, கெல்லியஸ் கூற்றை எடுத்துக்காட்டி, மார்க்சிய இலக்கியச் சமூகவியலுக்கு இது நல்ல தீனியாகுமே என எள்ளலாகக் குறிப்பிட்டார். எள்ளலை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் தீனி கிடைத்ததென்று மகிழ்ந்து, செவ்விலக்கியம் யாவும் செல்வரின் உடைமை, ஆகவே ஒதுக்கத்தக்கது என முடிவுசெய்தல் மார்க்சியமாகாது. கிரேக்கக் கலை குறிப்பிட்ட சமுதாய வளர்ச்சி வடிவங்களோடு பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அது இன்றும் நமக்கு இன்பந் தருவது ஏன் என்பதே கடினமான வினா என்று மார்க்ஸ் 1857இல் எழுதினார். 1920இல், பழைய பண்பாட்டைத் துறந்து புதிய பண்பாட்டைத் தனியே படைக்கலாமென எண்ணிய 'புரொலெத்குல்த்' இயக்கத்தாரை மறுத்த லெனின், மனித சிந்தனையின் ஈராயிரம் ஆண்டு வளர்ச்சியிற் பெறுமதியுடைய அனைத்தையும் உள்வாங்கியமையே மார்க்சியத்தின் வலிமை என்றார். புரோலெத்தாரியின் பெயரைத் தாங்கிய இயக்கத்துக்கே இவ்வாறு கூறவேண்டியிருந்தது.

6

இவ்வரலாறு தமிழ் வாசகர்க்கு எவ்வகையிற் பயனுடையது? 'கிளாஸ்' என்பதை நாம் இடத்துக்கேற்ப 'வகுப்பு' எனவும் 'வர்க்கம்' எனவும் மொழிபெயர்க்கிறோம்; 'கிளாசிக்கல்' என்பதைச் 'செவ்வியல்' என்கிறோம். ஐரோப்பிய மொழிகளிற் கண்ணுக்குத் தெரியும் சொல்லுறவு தமிழில் அறுந்துவிடுகிறது. வர்க்கத்துக்கும் செவ்வியலுக்கும் எவ்விதத் தொடர்புமில்லை என்பது போன்ற தோற்றம் மொழியினாலேயே ஏற்பட்டுவிடுகிறது. செம்மை என்பது நேர்மை, ஒழுங்கு முதலிய பொருள்களையுடைய பண்புச்சொல். 1856இல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் செந்தமிழைச் செவ்வியல் வழக்காகவும் கொடுந்தமிழைப் பேச்சுவழக்காகவும் விளக்கியபோது, உரோமில் சொத்தின் எல்லையைக் குறித்த சொல், தமிழில் மொழியின் ஒழுங்கைக் குறித்த சொல்லோடு இணைக்கப்பட்டது.

செம்மை என்ற சொல்லிற் சொத்துக் கணக்கு இல்லையென்பது உண்மை. ஆயினும் எவருடைய வழக்குச் சான்றாகும் என்னும் பிரொந்தோவின் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. வழக்கு என்பது உயர்ந்தோரைப் பற்றியே அமைவது எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அங்கு பொருளுடைமை வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. ஆனால் உயர்ந்தோர் யாவர், எக்காலத்தில் எவர் அவ்விடத்தை நிரப்பினர் என்பன சமூக வரலாறு விடைகூற வேண்டிய வினாக்களே.

2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இந்திய மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. 2024 ஒக்ரோபர் அளவில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட மொழிகள் பதினொன்றாயின. பழமையும் தனித்த இலக்கிய மரபும் உடைய மொழிக்கு அங்கீகாரம் வேண்டிய நெடுங்கால முயற்சியின் நியாயத்தை எவரும் மறுக்கார். அதேவேளை, ஒரு மொழியை முதல் வகுப்பில் வைக்கும் ஒவ்வொரு பட்டியலும் ஏனையவற்றை 'வகுப்புக்குக் கீழ்ப்பட்டன' ஆக்குகிறது என்பதையும் இப்பெயரடையின் இலக்கணம் நமக்கு நினைவூட்டுகிறது. ஏடேறாத மொழிகளைப் பேசும் உழைக்கும் மக்களின் பாடலும் கதையும் எப்பட்டியலில் இடம்பெறும் என்பது புறக்கணிக்கத்தக்க வினாவன்று.

7

இறுதியாக மொழி வரலாறே அளிக்கும் விடையொன்றைக் குறிப்பிடலாம். பிரொந்தோ வட்டத்தினர் காத்துநின்ற இலத்தீன் நூல்களில் நிலைபெற்றது. ஆனால் இத்தாலியமும் ஸ்பானியமும் பிரெஞ்சும் அதிலிருந்து நேரே பிறந்தனவல்ல; வீதியிலும் வயலிலும் படைமுகாமிலும் பேசப்பட்ட இலத்தீனிலிருந்து பிறந்தன. அப்பேச்சுவழக்கு வறியோர்க்கு மாத்திரம் உரியதாயிருக்கவில்லை. கற்றோரும் அன்றாடம் அதனையே பேசினர் என்பதையும் மறத்தலாகாது. குதிரைக்கு உயர்வழக்கான 'எக்குவுஸ்' வழக்கிறந்தது. மட்டமான குதிரையைக் குறித்த 'கபல்லுஸ்' இத்தாலியத்தில் 'கவால்லோ' எனவும் ஸ்பானியத்தில் 'கபாய்யோ' எனவும் பிரெஞ்சில் 'செவால்' எனவும் வாழ்கிறது. வீட்டைக் குறிக்க 'தோமுஸ்' மறைந்து, குடிசையைக் குறித்த 'காசா' நிலைத்தது. 'புரோபுஸின் பின்னிணைப்பு' எனப்படும் பழைய பிழைதிருத்தப் பட்டியல், கண்ணாடியை 'ஸ்பெக்குலும்' என்க, 'ஸ்பெக்லும்' என்னற்க என்னும் முறையில் 227 திருத்தங்களைக் கூறுகிறது. இத்தாலியர் இன்று கண்ணாடியை 'ஸ்பெக்கியோ' என்பர். பிழையென விலக்கப்பட்ட வடிவத்தின் வழித்தோன்றல் அது.

புரோலெத்தாரியுஸ் என்பவன் சமுதாயத்துக்குத் தன் வழித்தோன்றல்களை மாத்திரம் அளிப்பவன் என உரோமர் இகழ்ந்து கூறினர். மொழியைப் பொறுத்தவரை அவ்விகழ்ச்சி உண்மையாயிற்று. முதல் வகுப்பினரின் மொழி நினைவுச் சின்னங்களை அளித்தது. வகுப்புக்குக் கீழ்ப்பட்டோரும் ஏனையோரும் கலந்து பேசிய மொழி பிள்ளைகளை அளித்தது. அப்பிள்ளைகளுள் ஒன்றிலேதான் தாந்தே எழுதினார். அவரை இன்று 'கிளாசிக்' என அழைக்க எவரும் தயங்குவதில்லை.

ஆகவே செவ்வியல் என்பதை ஒரு நிலைத்த தகுதியாகவன்றி, ஒவ்வொரு காலத்திலும் குறிப்பிட்ட சமூக சக்திகள் தமக்குரிய சான்றுகளைத் தெரிந்தெடுக்கும் செயலாக நோக்குதல் வேண்டும். பழைய நூல்களைப் போற்றுவதா துறப்பதா என்பதன்று நம்முன்னுள்ள வினா. எவர் தெரிந்தெடுத்தனர், எவருடைய சாட்சியம் ஏற்கப்படாது போயிற்று, எவருடைய வழித்தோன்றல்கள் இன்று பேசுகின்றனர் என்பனவே ஆராயவேண்டியவை. அவற்றை வினவும் ஆராய்ச்சி செவ்விலக்கியத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. அதனை அனைவர்க்கும் உரியதாக்கும் முயற்சியின் முதற்படியாகும்.